உள்ளூர் மாடு விலை போகாதா? பிரிட்டிஷ் கால்பந்து மேனேஜர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக் கால்பந்து பார்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது இந்தச் சண்டை வரும். பெரிய கிளப்புகள் உள்ளூர் மேனேஜர்களை, அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளர்களை, கண்டுகொள்வதே இல்லை என்று ஒரு கட்சி. அவர்களுக்குச் சரக்கு போதாது என்று இன்னொரு கட்சி. இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை எடுத்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். நான் லிவர்பூல் ரசிகன். அதற்கு உரிய கழிவு போட்டுப் படிக்கவும்.

ஆங்கிலேய மேனேஜர் ஒருவர்கூட பிரீமியர் லீக்கை வென்றதில்லை என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 1992-93 முதல் 2024-25 வரை 33 சீசன்கள். அதில் 14 பட்டங்கள் ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் போயின: மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு 13, பிளாக்பர்ன் அணியோடு கென்னி டால்கிளிஷுக்கு ஒன்று. மீதி 19 பட்டங்களையும் வெங்கர், மொரினியோ, குவார்டியோலா என்று பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். இங்கிலாந்தின் கணக்கு பூஜ்யம்.

இங்கிலாந்தின் முதல் டிவிஷனைக் கடைசியாக வென்ற ஆங்கிலேயர் லீட்ஸ் யுனைடெட்டின் ஹோவர்ட் வில்கின்சன், 1991-92-ல். அதற்கு அடுத்த சீசனில்தான் அந்த டிவிஷனுக்குப் பிரீமியர் லீக் என்று பெயர் மாறியது. கோப்பைகளிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. 2008-ல் போர்ட்ஸ்மத்துக்கு ஹாரி ரெட்நாப் எஃப்.ஏ. கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் உள்நாட்டுப் பெரிய கோப்பை ஒன்றை இன்னோர் ஆங்கிலேயர் தொட 17 வருஷம் ஆனது.

ஃபெர்குசனே 13 முறை வென்றிருக்கும்போது "பிரிட்டிஷ் மேனேஜருக்கு வாய்ப்பில்லை" என்று எப்படிச் சொல்ல முடியும்?

பாதிச் சண்டை இந்த இடத்தில்தான் குழம்புகிறது. பிரிட்டிஷ் என்றால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் சேர்ந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் ரொம்ப நாள் இந்தக் குறையே இல்லாமல் இருந்தார்கள். 2011-12 சீசன் தொடங்கியபோது பிரீமியர் லீக்கின் 20 மேனேஜர்களில் ஏழு பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். கிளாஸ்கோவையும் சுற்றுப்பட்டு ஊர்களையும் மேனேஜர் விளைகிற மண் என்றே அப்போது எழுதினார்கள்.

2025 ஆகஸ்டில் சீசன் தொடங்கியபோது அதே பட்டியலில் நான்கு நாட்டுக்கும் சேர்த்தே நாலு பேர்தான்: நியூகாசிலில் எடி ஹவ், வெஸ்ட் ஹாமில் கிரஹாம் பாட்டர், பர்ன்லியில் ஸ்காட் பார்க்கர், எவர்ட்டனில் டேவிட் மோயஸ். முதல் மூவர் ஆங்கிலேயர்கள், மோயஸ் மட்டும் ஸ்காட்லாந்து. இந்தப் பிரச்சினை பிரிட்டன் முழுவதற்கும் பொதுவானது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான்.

ஒரு காலத்தில் இவர்கள் ஐரோப்பாவையே ஆண்டார்களாமே?

ஆண்டார்கள். 1977 முதல் 1984 வரை எட்டு ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) ஏழு முறை ஆங்கிலேய மேனேஜர்கள் வென்றார்கள். லிவர்பூலின் பாப் பெய்ஸ்லி மூன்று, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் பிரையன் கிளஃப் இரண்டு, ஆஸ்டன் வில்லாவின் டோனி பார்ட்டன் ஒன்று, மறுபடி லிவர்பூலின் ஜோ ஃபேகன் ஒன்று. பார்ட்டன் கதை இன்னும் வேடிக்கை. முந்தைய மேனேஜர் பிப்ரவரியில் ராஜினாமா செய்ய, உதவியாளராக இருந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மே மாதம் கோப்பையைத் தூக்கினார்.

ஆங்கிலேயர்களுக்குத் தந்திரம் தெரியாது, அது ரத்தத்திலேயே இல்லை என்று யாராவது ஆரம்பித்தால் இந்த எட்டு ஆண்டுகளைக் காட்டுங்கள்.

எப்போது மாறியது?

1985-ல் ஹெய்சல் மைதானத்தில் ரசிகர் மோதலில் 39 பேர் இறந்தார்கள். அதன்பின் ஆங்கிலக் கிளப்புகள் ஐந்தாண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளுக்கு வெளியே நின்றன. மிலானில் அரிகோ சாக்கி ஆட்டத்தையே புரட்டிப் போட்ட நேரத்தில் இவர்கள் தமக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். தடை நீங்கிய 1990-ல்தான் முதல் டிவிஷனுக்கு முதல் வெளிநாட்டு மேனேஜர் வந்தார். வில்லாவுக்கு வந்த செக்கோஸ்லோவாக்கியாவின் ஜோசஃப் வெங்லோஷ், ஒரே சீசனில் திரும்பிப் போனார். பிரீமியர் லீக்கின் முதல் சீசனைத் தொடங்கிய அத்தனை மேனேஜர்களும் பிரிட்டன் அல்லது அயர்லாந்துக்காரர்கள்.

அப்புறம் 1996-ல் ஜப்பானிலிருந்து வெங்கர் ஆர்சனலுக்கு வந்தார். இரண்டாவது சீசனிலேயே லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும். வீரர்களின் சாப்பாட்டை மாற்றினார் என்ற கதையை எல்லாரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் கிளப் நிர்வாகிகளின் தலைக்குள் நடந்தது: பெயர் தெரியாத வெளிநாட்டுக்காரரைக் கொண்டுவந்தால் கோப்பை வரும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. 2003-ல் ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் செல்சியை வாங்கினார், அவரைத் தொடர்ந்து ரஷ்ய, அமெரிக்க, வளைகுடாப் பணமெல்லாம் வந்தது. உலகம் முழுக்கத் தேடி ஆள் எடுக்கிற முதலாளிக்கு, பர்ன்லியில் ஒருவர் நன்றாகச் செய்கிறார் என்பது காதிலேயே விழாது.

"என் பெயர் இத்தாலியப் பெயராக இருந்திருந்தால்" என்று ஒருவர் புலம்பினாரே?

சாம் அலர்டைஸ். தன் பெயர் அலர்டிச்சி என்று இருந்திருந்தால் பெரிய கிளப் கூப்பிட்டிருக்கும் என்றார். இங்கிலாந்தே சிரித்தது. ஆனால் அவர் தரப்பிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. போல்ட்டனில் புள்ளிவிவரத்தையும் உடற்பயிற்சி விஞ்ஞானத்தையும் பலருக்கு முன்பே பயன்படுத்தியவர் அவர். ஒகோச்சா, ஜோர்காயெஃப் போன்ற நட்சத்திரங்களை அந்தச் சின்ன ஊருக்கு வரவழைத்தார். 2004-05-ல் ஆறாம் இடம்.

ஆனாலும் அவர் அணிகள் ஆடிய ஆட்டத்தை வாரா வாரம் பார்க்க எந்தப் பெரிய கிளப் ரசிகன் டிக்கெட் வாங்கியிருப்பான்? நான் வாங்கியிருக்க மாட்டேன்.

வெளிநாட்டு மோகத்துக்கு எல்லாரும் சொல்கிற உதாரணம் எது?

நைஜல் அட்கின்ஸ். மூன்றாம் டிவிஷனில் கிடந்த சௌத்தாம்ப்டனை அடுத்தடுத்த இரண்டு சீசன்களில் இரண்டு படி ஏற்றி பிரீமியர் லீக்குக்குக் கொண்டுவந்தவர். 2013 ஜனவரியில் செல்சி மைதானத்தில் 0-2 என்று பின்தங்கிய அணி 2-2 என்று மீண்டு வந்தது. அணி 15-வது இடத்தில், தரமிறக்கக் கோட்டுக்கு (கடைசி மூன்று அணிகள் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும்) மேலேயே இருந்தது. இரண்டு நாளில் அவரை நீக்கிவிட்டார்கள். பதிலுக்கு வந்தவர் அர்ஜென்டினாவின் மொரீசியோ பொச்செட்டினோ. ஸ்பெயினில் அவர் விட்டுவந்த எஸ்பான்யோல் லீக்கின் கடைசி இடத்தில் இருந்தது. பத்திரிகையாளர்களிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் பேசினார். இதைவிட அநியாயம் உண்டா என்று அன்று கொதித்தவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த சீசனில் பொச்செட்டினோ அதே அணியை எட்டாம் இடத்துக்குக் கொண்டுபோனார். பிறகு டாட்டன்ஹாம், 2019-ல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. அட்கின்ஸுக்கு நடந்தது அநியாயம்தான், கிளப் எடுத்த முடிவும் சரிதான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதை இந்தச் சண்டையில் ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம்.

பெரிய ஆறு கிளப்புகளில் பிரிட்டிஷ்காரர்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லையா?

ஆர்சனல், செல்சி, லிவர்பூல், டாட்டன்ஹாம், மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட் என்ற இந்த ஆறில் கிளப்புக்குக் கிளப் வேறுபடும். தற்காலிகமாக நாற்காலியைப் பார்த்துக்கொண்டவர்களை விட்டுவிட்டால், 1996-ல் புரூஸ் ரியோக் போனபின் ஆர்சனலில் ஒரு பிரிட்டிஷ்காரரும் இல்லை. மான்செஸ்டர் சிட்டியில் 2009 டிசம்பரில் நீக்கப்பட்ட மார்க் ஹியூஸோடு சரி. லிவர்பூல் 2010-ல் ராய் ஹாட்ஜ்சன், அடுத்து டால்கிளிஷ், 2012-ல் பிரெண்டன் ராட்ஜர்ஸ் என்று வரிசையாக மூன்று பிரிட்டிஷ்காரர்களை நியமித்தது. 2013-14-ல் ராட்ஜர்ஸின் அணி பட்டத்துக்கு இரண்டு புள்ளி தூரம் வரை போனது. அந்த ஏப்ரலைப் பற்றி மேலும் எழுதும் தெம்பு எனக்கு இல்லை.

மான்செஸ்டர் யுனைடெட், செல்சி இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

மான்செஸ்டர் யுனைடெட்டில் மோயஸுக்கு நியாயமான வாய்ப்பு கிடைத்ததா?

காகிதத்தில் அதைவிட நியாயமான வாய்ப்பு கிடையாது. ஃபெர்குசனே கைகாட்டிய வாரிசு, ஆறு ஆண்டு ஒப்பந்தம், நடப்பு சாம்பியன் அணி. பத்தே மாதத்தில், 2014 ஏப்ரலில், அணி ஏழாம் இடத்தில் இருக்கும்போது வெளியேற்றினார்கள்.

அவருக்குக் கிடைத்த அணியோ வயதானது. ஃபெர்குசனோடு சேர்ந்து கிளப்பின் தலைமை நிர்வாகியும் போய்விட்டார். அந்தக் கோடையில் குறிப்பிடும்படி வாங்கிய ஒரே வீரர் ஃபெல்லைனி. மோயஸ் தடுமாறியது உண்மை, பயந்து ஆடியதும் உண்மை. ஆனால் அதன்பின் நிரந்தரப் பதவிக்கு வந்த வான் ஹால், மொரினியோ, சோல்ஷேர், டென் ஹாக், அமோரிம் எவராலும் லீக் பட்டம் வாங்கித்தர முடியவில்லை. ஐரோப்பாவை வென்ற மொரினியோவே மூழ்கிய குளத்தில் மோயஸுக்கு நீச்சல் தெரியாது என்று தீர்ப்பு எழுதியது அவசரம். 2023-ல் பிராகில் வெஸ்ட் ஹாமுக்கு கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரும் இதே மோயஸ்.

பாட்டர் விஷயத்தில் உண்மையில் என்ன நடந்தது?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. ஏனென்றால் ஆங்கிலேய மேனேஜர்களிடம் இல்லை என்று குறை சொல்லப்படுகிற எல்லாமே கிரஹாம் பாட்டரிடம் இருந்தன.

சாதாரண இடதுபுறத் தற்காப்பு வீரர். ஆட்டத்தை விட்டபின் பல்கலைக்கழகத்தில் படித்தார், வேலை பார்த்தார். 2011-ல் ஸ்வீடனின் நான்காம் டிவிஷனில் இருந்த ஊஸ்டர்சுண்ட் கிளப்புக்குப் போனார். குளிர் கொட்டும் வடபகுதி, கையில் காசு இல்லை. அங்கிருந்து முதல் டிவிஷன் வரை ஏற்றினார். வீரர்களின் கூச்சம் போக வேண்டும் என்று அவர்களை மேடையேற்றி பாலே ஆட வைத்தார். 2017-ல் ஸ்வீடிஷ் கோப்பை. 2018 பிப்ரவரியில் யூரோப்பா லீக்கில் ஆர்சனலை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று வீழ்த்தினார்கள். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஆர்சனலே முன்னேறியது, ஆனால் பெயர் பரவிவிட்டது. அப்புறம் ஸ்வான்சி, பிரைட்டன். பிரைட்டன் ஆட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக மாறியது அவரால்தான்.

2022 செப்டம்பரில் செல்சி பிரைட்டனுக்கு 2 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடு கொடுத்து, ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் அவரைக் கூட்டிப்போனது. இனி பொறுமைதான், நீண்டகாலத் திட்டம்தான் என்றார்கள் புதிய முதலாளிகள். 31 ஆட்டங்கள், 12 வெற்றிகள். 2023 ஏப்ரல் தொடக்கத்தில் ஆள் வெளியே.

இதற்கு நடுவே கிளப்பில் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஜனவரியில் மட்டும் எட்டுப் புது வீரர்கள் வந்தார்கள். உடை மாற்றும் அறையில் இடம் போதவில்லை என்று செய்தி வருகிற அளவுக்குக் கூட்டம். முக்கிய வீரர்கள் பலருக்குக் காயம். அப்படியும் டார்ட்மண்டைத் தோற்கடித்து சாம்பியன்ஸ் லீக் காலிறுதிக்குள் நுழைந்திருந்தார்கள். அவர் போனபின் தற்காலிகமாக வந்த லாம்பார்ட் 11 ஆட்டங்களில் ஒன்றை வென்றார். அடுத்து வந்த பொச்செட்டினோவுக்கும் ஒரே சீசன்தான். ஆக, செல்சி ஆங்கிலேயர் என்று பார்த்து பாட்டரைத் துரத்தவில்லை. அங்கே யாருக்குமே நிழல் கிடையாது.

எனக்கு வருத்தம் பின்னால் நடந்ததில்தான். ஸ்வீடனில் ஏழு ஆண்டும் பிரைட்டனில் மூன்று ஆண்டும் உழைத்துச் சேர்த்த பெயர் ஏழு மாதத்தில் கரைந்தது. அடுத்த வேலைக்கு 2025 ஜனவரி வரை காத்திருந்தார். கிடைத்தது வெஸ்ட் ஹாம், கீழே சறுக்கிக்கொண்டிருந்த ஒரு கிளப். செப்டம்பரில் அதுவும் போனது. அடுத்த மாதமே ஸ்வீடன் தன் தேசிய அணியை அவர் கையில் கொடுத்தது. அவரை மறக்காத ஊர் அதுதான் போலிருக்கிறது.

லாம்பார்ட், ஜெரார்ட் மாதிரி நட்சத்திரங்களுக்கு வாய்ப்பு சீக்கிரம் கிடைத்ததே?

தேவைக்கு மேல் சீக்கிரம். டெர்பியில் ஒரே சீசன் முடித்த கையோடு 2019-ல் லாம்பார்டுக்கு செல்சி. புது வீரர் வாங்கத் தடை இருந்த முதல் சீசனில் நான்காம் இடம் பிடித்தார், அது நல்ல வேலை. 2021 ஜனவரியில் அவரை நீக்கி ஜெர்மனியின் தாமஸ் டுகெலைக் கொண்டுவந்தார்கள். மே மாதம் அதே வீரர்களை வைத்து டுகெல் சாம்பியன்ஸ் லீக்கை வென்றார். ஜெரார்ட், ரேஞ்சர்ஸுக்கு ஸ்காட்லாந்துப் பட்டத்தைத் தோல்வியே இல்லாமல் வாங்கித் தந்தவர். ஆஸ்டன் வில்லாவில் ஓராண்டுகூட நிற்கவில்லை. அடுத்து வந்த உனாய் எமெரி அதே கிளப்பை இரண்டே சீசனில் சாம்பியன்ஸ் லீக்குக்குக் கொண்டுபோனார்.

"மேனேஜர் என்ன செய்வார், அணி சரியில்லை" என்ற சாக்கு இந்த இரண்டு இடத்திலும் எடுபடாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: பழைய பெயரை வைத்து இவர்களுக்குக் கொடுத்த இடம், வருஷக்கணக்காகக் கீழ் டிவிஷன்களில் உழைத்த உள்ளூர்ப் பயிற்சியாளர் எவருக்கும் போகவில்லை.

தரமிறங்கிய மேனேஜரைப் பெரிய கிளப் எப்படி எடுக்கும்?

எடுக்கும், ஆளைப் பொறுத்து. பெல்ஜியத்தின் வின்சென்ட் கொம்பனி 2023-24-ல் பர்ன்லியோடு வெறும் 24 புள்ளியில் தரமிறங்கினார். அந்த மே மாதமே பயர்ன் மியூனிக் அழைத்தது. அடுத்த ஆண்டு ஜெர்மன் சாம்பியன். 2007-ல் மைன்ஸ் அணியோடு தரமிறங்கிய யூர்கன் க்ளோப்புக்கு ஒரே வருஷத்தில் டார்ட்மண்ட் கிடைத்தது.

இதே பர்ன்லியில் பத்தாண்டுகளை நெருங்கும்வரை இருந்து, அதை ஏழாம் இடத்துக்கும் ஐரோப்பியப் போட்டிக்கும் கொண்டுபோன ஷான் டைச்சைப் பெரிய கிளப் எதுவும் நிரந்தரமாக எடுத்ததில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஆனால் பயர்ன் பார்த்தது கொம்பனியின் பாஸ்போர்ட்டை என்று சொல்லிவிட முடியாது. முந்தைய ஆண்டு 101 புள்ளியோடு மேலே வந்தபோது அவர் அணி பந்தை வைத்து ஆடிய விதத்தைப் பார்த்தார்கள். பந்தை வைத்து ஆடத் தெரிந்தவர் என்று டைச்சை யாரும் சொன்னதில்லை. அப்படி ஆடும் வசதி அவருக்கு இருந்ததா என்பதுதான் அடுத்த கேள்வி.

சரி, சிக்கல் எங்கேதான் இருக்கிறது?

என் அபிப்பிராயத்தில் பெரிய கிளப்பின் வாசலுக்கு வருவதற்கு முன்பே, நடு ஏணியில்.

பிரிட்டிஷ் மேனேஜருக்கு பிரீமியர் லீக்கில் பெரும்பாலும் கிடைத்தது தீயணைப்பு வேலை. நவம்பரிலோ ஜனவரியிலோ அணி கடைசி மூன்றில் இருக்கும்போது போன் வரும். அங்கே போய் அழகாக ஆடு என்று சொல்ல நேரம் இருக்காது. தற்காப்பை இறுக்கு, கார்னரில் கோல் அடி, எப்படியாவது 17-வது இடத்தில் முடி. முடித்துவிட்டால் "தீயணைப்பவர்" என்று முத்திரை விழும். அடுத்த தீப்பிடிக்கும் வரை கூப்பிட மாட்டார்கள். புதுத் திட்டம், இளம் வீரர்கள், மூன்றாண்டு அவகாசம் என்று ஜூன் மாதத்தில் தொடங்குகிற வேலை வந்தால் அதை ஸ்பெயினிலோ ஜெர்மனியிலோ தேடுவார்கள். கேரி ஓ'நீல் 2022-23-ல் போர்ன்மத்தைத் தரமிறங்காமல் காப்பாற்றினார். ஜூனில் அவரை அனுப்பிவிட்டு பாஸ்க் நாட்டின் அந்தோனி இராவோலாவை எடுத்தார்கள். இராவோலா அருமையாகச் செய்தார், அதை மறுக்க முடியாது. ஓ'நீலுக்கு அந்த ஜூன் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு மட்டும் விடை கிடையாது.

இப்படி வளர்ந்தவர் ஐம்பது வயதில் "எனக்கு ஏன் ஆர்சனல் கிடைக்கவில்லை" என்று கேட்டால், காட்டுவதற்கு அவர் கையில் தீயணைத்த கதைகள் மட்டும்தான் இருக்கும். பெரிய கிளப் அவரை எடுக்காதது நியாயம். அவரை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தது நியாயமில்லை.

எடி ஹவ் மட்டும் எப்படித் தப்பினார்?

முதல் காரணம், கீழேயிருந்து பெரும்பாலும் ஒரே கிளப்போடு ஏறினார். 31 வயதில் போர்ன்மத் கையில் வந்தபோது கிளப் கடனில் மூழ்கியிருந்தது. திவால் விதிகளின்படி நடக்காததற்குத் தண்டனையாகக் கிளப்புக்கு 17 புள்ளிகள் கழித்திருந்தார்கள். அதுவும் நான்காம் டிவிஷனில். அங்கே தப்பி, 2015-ல் பிரீமியர் லீக்குக்கே வந்தார். பந்தை வைத்து ஆடும் அணியாக வந்தார் என்பது முக்கியம். 2020-ல் தரமிறங்கினார், விலகினார், ஓராண்டுக்கு மேல் சும்மா இருந்தார்.

இரண்டாவது காரணம் அதிர்ஷ்டம். 2021 நவம்பரில் சவூதிப் பணம் வந்திறங்கிய நியூகாசில் முதலில் நாடியது எமெரியை. அவர் அப்போது வியாரியலை விட்டு வர மாட்டேன் என்றார். அப்படி இரண்டாவது இலையில்தான் ஹவ் உட்கார்ந்தார். 11 ஆட்டம் ஆடி ஒன்றைக்கூட வெல்லாத அணி. அதைக் காப்பாற்றினார், அடுத்த சீசனில் நான்காம் இடம். 2025 மார்ச் 16 அன்று வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதியில் 2-1. நியூகாசிலுக்கு 1955-க்குப் பிறகு உள்நாட்டில் முதல் பெரிய கோப்பை. தோற்றது லிவர்பூல். இந்தப் பக்கத்தை எழுதுகிறவனுக்கு அன்று அவ்வளவு மகிழ்ச்சி இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஃபெர்குசனுக்கே யுனைடெட்டில் முதல் கோப்பைக்கு மூன்றரை ஆண்டு ஆனதே, இப்போது ஏன் யாருக்கும் அவ்வளவு நேரம் தருவதில்லை?

தருகிறார்கள், அபூர்வமாக. ஆர்ட்டெட்டாவுக்கு ஆர்சனல் இரண்டு எட்டாம் இடங்களைப் பொறுத்துக்கொண்டது. மகளிர் பக்கம் பாருங்கள்: லண்டன்காரர் எம்மா ஹேஸ் 2012-ல் செல்சி மகளிர் அணிக்கு வந்தார். முதல் லீக் பட்டம் 2015-ல்தான். 2024-ல் கிளம்பும்போது கணக்கு ஏழு. கையோடு அமெரிக்க அணிக்குப் போய் பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்தையும் வாங்கினார். ஆண்கள் அணியில் ஆண்டுக்கொரு மேனேஜரை மாற்றுகிற அதே கிளப்தான் இவருக்குப் பன்னிரண்டு ஆண்டு கொடுத்தது.

வாய்ப்பில்லை என்றால் வெளிநாடு போக வேண்டியதுதானே?

அந்தக் காலத்தில் போனார்கள். லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸில் இருந்த டெர்ரி வெனபிள்ஸை 1984-ல் பார்சிலோனா அழைத்தது, வந்த முதல் சீசனிலேயே ஸ்பெயின் பட்டம். வேல்ஸின் ஜான் டோஷாக் 1989-90-ல் ரியல் மாட்ரிட்டோடு லீக்கை வென்றார், 107 கோல்கள். பாபி ராப்சன் நெதர்லாந்து, போர்ச்சுகல் எல்லாம் சுற்றிவிட்டு 1996-ல் பார்சிலோனா போனார். கூடவே மொழிபெயர்ப்பாளராகப் போன இளைஞர்தான் மொரினியோ.

பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போனது. பிரீமியர் லீக்கில் 15-வது இடத்து அணி கொடுக்கிற சம்பளத்தை வெளிநாட்டில் யார் கொடுப்பார்கள்? மொழி வேறு தடை. ஸ்டீவ் மெக்ளாரன், இங்கிலாந்து அணியில் பட்ட அவமானத்துக்குப் பின் நெதர்லாந்து போய் 2010-ல் ட்வென்டேயைச் சாம்பியனாக்கினார். எதிர்த்திசையில் கேரி நெவில், நண்பர்களின் அழைப்பில் 2015 டிசம்பரில் வலென்சியா போய் மார்ச்சில் திரும்பினார். பெல்ஜியத்தில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்த வில் ஸ்டில் இன்னொரு வகை. உயர் உரிமம் இல்லாமலேயே பிரான்சின் ரீம்ஸ் அணியை நடத்தினார், கிளப் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 25,000 யூரோ அபராதம் கட்டியது.

பயிற்சிப் படிப்பே சரியில்லை என்கிறார்களே?

முன்பு சரியில்லை. 2010 வாக்கில் வந்த ஒரு கணக்கில், ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவின் மேல்நிலை உரிமம் வைத்திருந்த பயிற்சியாளர்கள் இங்கிலாந்தில் மூவாயிரத்துக்கும் குறைவு. ஸ்பெயினில் சுமார் 24,000, ஜெர்மனியில் சுமார் 35,000. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? 2012-ல் செயின்ட் ஜார்ஜ் பார்க் தேசிய மையம் திறந்தபின் நிலைமை மெல்ல மாறியது. இத்தாலியில் கோவர்சியானோ பயிற்சிப் பள்ளி அதற்கு முன்பே பல தலைமுறைகளாக நடக்கிறது. 2010-11 முதல் 2024-25 வரை இத்தாலிய லீக்கை வென்ற மேனேஜர்கள் அத்தனை பேரும் இத்தாலியர்கள்.

கறுப்பின பிரிட்டிஷ் மேனேஜர்களுக்கும் இதே நிலைதானா?

அவர்களுக்கு இன்னும் மோசம். மற்ற ஆங்கிலேயர்கள் பெரிய கிளப் கிடைக்கவில்லை என்று வருந்துகிறார்கள். இவர்களுக்குக் கிளப் கிடைப்பதே பாடு. பிரீமியர் லீக்கில் முதல் கறுப்பின ஆங்கிலேய மேனேஜர் பால் இன்ஸ், 2008-ல்தான் வந்தார், பிளாக்பர்னில் 17 லீக் ஆட்டங்களோடு போனார். லண்டனில் பிறந்து அயர்லாந்துக்கு ஆடிய கிறிஸ் ஹியூட்டன் நியூகாசிலை மேலே கொண்டுவந்தார். 2010 டிசம்பரில் அணி 11-வது இடத்தில் சௌகரியமாக இருக்கும்போது நீக்கப்பட்டார். பிரைட்டனையும் 2017-ல் மேலே கொண்டுவந்து, இரண்டு சீசன் காப்பாற்றி, 2019-ல் நீக்கப்பட்டார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் நாம் மேலே பார்த்த பாட்டர்.

அண்மையில் லியம் ரொசீனியர் வேறு வழியில் வந்தார். 2024-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க், அங்கிருந்து 2026 ஜனவரியில் செல்சி. இரண்டு கிளப்புக்கும் முதலாளி ஒருவரே. ஸ்ட்ராஸ்பூர்கில் அவர் விட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் கேரி ஓ'நீல். செல்சியில் எப்படிப் போனது என்பது தனிக் கதை. ஒரே முதலாளியின் சின்னக் கிளப்பில் இருந்து பெரிய கிளப்புக்குப் போகிற இந்தப் பாதைதான் புதிது.

பிரெக்சிட்டுக்குப் பிறகு வெளிநாட்டு மேனேஜர் வருவது குறைந்ததா?

இல்லை. 2021 முதல் அவர்களுக்கும் கால்பந்துச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். பெரிய லீக்குகளில் வேலை பார்த்தவருக்கு அது சுலபமாகக் கிடைக்கிறது.

தேசிய அணிக்கே ஜெர்மானியரை வைத்துவிட்டார்களே?

ஆமாம், 2025 ஜனவரி முதல் டுகெல். எரிக்சன், கபெல்லோ இருவருக்கும் அடுத்து மூன்றாவது வெளிநாட்டுக்காரர். தன் நாட்டுப் பயிற்சியாளர்களை வளர்க்க வேண்டிய சங்கமே வெளியே தேடினால் கிளப்புகளை எப்படிக் கேட்பது என்பது நியாயமான கேள்வி. கிளப்பை விட இந்த நியமனம்தான் எனக்கு உறுத்துகிறது.

கடைசி ஆங்கிலேயச் சாம்பியன் வில்கின்சன் என்ன ஆனார்?

பட்டம் வென்ற அடுத்த சீசனில் லீட்ஸ் 17-வது இடத்தில் முடிந்தது; நடுவில் எரிக் கான்டனாவை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றிருந்தார்கள். அப்படியும் வில்கின்சனை உடனே அனுப்பவில்லை, இன்னும் மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருந்தார்கள். 1996 செப்டம்பரில் சொந்த மைதானத்தில் அதே யுனைடெட்டிடம் 0-4. அதோடு வேலை போனது. மறு ஆண்டு கால்பந்துச் சங்கத்தில் தொழில்நுட்ப இயக்குநராகி, கிளப்புகள் சிறுவர்களுக்கு அகாடமி நடத்தும் திட்டத்தை வகுத்தார். அவரை லீட்ஸ் நீக்கிய அதே செப்டம்பரில்தான் வெங்கரின் பெயரை ஆர்சனல் அறிவித்தது. "யார் இந்த ஆர்சென்?" என்று லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்று தலைப்புப் போட்டது.